என் அண்ணன் கட்டிய நடைவண்டி

எதிர்வீட்டு அக்காவின் மகன் பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா காலையில் கோலம் போடும்போது ஒரு தரமும் மாலையில் பால் வாங்க வரும்போது ஒரு தரமும் அதை என்னிடம் சொல்லிவிடுவார். "எங்க ஊட்டுப் பையன் பத்து மாசத்துலயே எந்திரிச்சு ஓடிட்டானுங்க டீச்சர். உங்க பாப்பாவுக்கு இன்னீமு தைரியம் வரலீங்களா?" பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்தே அவன் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தான் என்று மட்டும்தான் அவர் இன்னும் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினைந்து மாதம். தவழ்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடுவதற்குள் அவள் எனக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் இடம் தேடும் பெரிய மனுஷி போல, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவாள். கட்டில் முடிந்ததும் நின்றுவிடுவாள். "கையை விட்டுட்டு வா சாமி" என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு அப்படியே மெல்ல உட்கார்ந்து, தவழ்ந்து தன் வழியில் போய்விடுவாள். நாலு காலில் சுகமாகப் போகிறவளுக்கு இரண்டு காலில் என்ன வேலை என்பது அவள் எண்ணம் போலிருந்தது.

வெளியே நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே பயந்துகொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தைக்காக விடுப்பில் இருந்ததால் பகல் முழுக்க அவளும் நானும்தான். அவள் தூங்கும்போதெல்லாம் கால்களைப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே நீளமா, பாதம் நேராக இருக்கிறதா, ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா? ஒரு மதியம் அளவு நாடாவையே எடுத்துவிட்டேன். தூக்கத்தில் ஓர் உதை விட்டாள். நாடா பறந்து வந்து என் மூக்கில் அடித்தது. அந்தக் காலுக்குப் பலமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இவள் நடக்காமலே இருந்துவிட்டால் என்ற நினைப்பு, சோற்றில் கிடக்கும் கல் மாதிரி, எந்த வேலைக்கு நடுவிலும் பல்லில் கடிபட்டுக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் அலுவலக வேலை. தினமும் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர். எதற்கும் பதறாதவர். வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும் முதலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். நான் ஏதாவது ஆரம்பித்தால், "பதறாத காரியம் சிதறாது புள்ள" என்பார். "பதினெட்டு மாசம் வரைக்கும் பாக்கலாம்னு போன்ல போட்டிருக்குது."

"போன்ல போட்டவிங்க வந்து எதிர்வீட்டு அக்காளுக்குப் பதில் சொல்லுவாங்களாங்க?" என்று கேட்டால், செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

இந்தப் பேச்செல்லாம் எப்படியோ என் அண்ணன் காதுக்குப் போயிற்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஊருக்கு வெளியே லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். புது லாரி என்றால் கம்பெனியிலிருந்து எஞ்சினும் சட்டமும் சக்கரமும்தான் வரும். டிரைவர் உட்காரும் கேபினிலிருந்து பின்கதவுக் கொக்கி வரைக்கும் மீதியெல்லாம் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் செய்வதுதான். அதற்குப் பாடி கட்டுவது என்று பெயர். தன் கையால் பாடி கட்டிய லாரி எந்த ஊர் ரோட்டில் எதிரே வந்தாலும், பெற்ற பிள்ளையைப் பார்த்தவன் மாதிரி அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

தொட்டில், நடைவண்டி எல்லாம் எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் சீர். அண்ணன் போனில் உத்தரவே போட்டுவிட்டான். "நடவண்டிய நாந்தான் கொண்டாரோணும். கடையில கிடையில வாங்கிப் போடாதீங்க, ஆமா."

மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. நடைவண்டி என்றால் அவ்வளவுதான். குழந்தை பிடித்துத் தள்ளினால் உருளும். உருள உருள அது நடக்கும். கடையில் வாங்கினால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். என் அண்ணன் கொண்டுவந்த நடைவண்டி குட்டியானை எனும் மினி லாரியில் வந்தது. அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவன் அதற்குப் பாடி கட்டியிருந்தான். முன்னால் கேபின். அதன் நெற்றியில் 'தாய்மாமன் துணை'. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்த தேக்குப் பலகை. பின்கதவு, அதற்குக் கொக்கி, கொக்கிக்குச் சங்கிலி. பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட், ஓரங்களில் பூவேலை. கண் படாமலிருக்கக் கறுப்புக் கயிறு. பின்பக்கம் குண்டு குண்டு எழுத்தில் 'ஹாரன் அடிக்கவும்'. எங்கள் வரவேற்பறைக்கும் அடுப்படிக்கும் நடுவே அவளை முந்திக்கொண்டு போக யார் ஹாரன் அடிக்கப்போகிறார்களோ, அது அண்ணனுக்குத்தான் வெளிச்சம்.

புது லாரிக்குச் செய்வது போலவே பூஜையும் நடந்தது. கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழமாக வைத்து, அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான். மூன்று பழமும் கூழாகித் தரையோடு தரையாகிவிட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப்போகிறது என்பது அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பாத்தியா புள்ள, என்ன கட்டு!" என்று அண்ணன் பலகையைத் தட்டிக் காட்டினான். "ஒரு ஆட்டம் இருக்காது. பாப்பாவோட பேரன் காலம் வரைக்கும் வரும்."

என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "பேரன் காலத்துலயாச்சும் நகருமுங்களா மச்சான்?" என்று அமைதியாகக் கேட்டார்.

நகரவில்லை. என் மகள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றாள். தள்ளினாள். வண்டி மலை மாதிரி நின்றது. இன்னொரு தரம் முக்கித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே அந்த வண்டியின் குணம் பிடிபட்டுவிட்டது. கைப்பிடியில் முகவாயை வைத்துக்கொண்டு, மாடியில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பவள் போல, நிம்மதியாக நின்றுவிட்டாள். அன்றைக்குச் சோறும் அங்கேயே நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "நல்லா நிக்குதுங்க பாப்பா" என்றார். அந்த 'நிக்குதுங்க' என் காதில் வெகுநேரம் நின்றது.

அண்ணனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகடுகளையெல்லாம் கழற்றிவிட்டு, மரச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பேரிங் வைத்த சக்கரங்களை மாட்டிக்கொண்டு வந்தான். இப்போது ஒரு விரலால் தொட்டால் வரவேற்பறையிலிருந்து அடுப்படிவரைக்கும் ஓடியது. அண்ணன் இந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் உருட்டிவிட்டு விளையாட ஆரம்பித்தார்கள். உரியவள் ஓரமாக உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

அவள் பிடித்தாள், தள்ளினாள். வண்டி பறந்தது. அவள் குப்புற விழுந்தாள்.

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பெரிய காயமில்லை. ஆனால் பால் வாயில் ரத்தத்தைப் பார்த்த எனக்கு அது பெரிய காயம்தான். "லாரி கட்டற புத்தியெல்லாம் எங்கூட்டுக்குள்ள கொண்டாராதே!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "இது புள்ளைண்ணா. உன்ற பட்டறைக்கு வாற வண்டியில்லே!" வைத்த டீயைக் குடிக்கவில்லை. வண்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர் ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டே, "ரெண்டு நாள்ல ஆறீரும் புள்ள" என்றார்.

உதடு ஆறிவிட்டது. ஆனால் அவள் நிற்பதையே விட்டுவிட்டாள். சுவர் வேண்டாம், கட்டில் வேண்டாம். தூக்கி நிறுத்தினால், தரை சுடுவது போல இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு என் கையில் தொங்குவாள். கீழே விட்டால் தவழ்வாள். இருந்ததும் போயிற்று. எதிர்வீட்டு அக்காகூட மகன் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் பேசியபோது வந்த கோபத்தைவிட அவர் பேசாதபோது வந்த பயம் அதிகம்.

அண்ணனும் வரவில்லை, போனும் இல்லை. தாய்மாமன் கோபித்துக்கொண்டு போவது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. நாளைக்கு அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். போனை எடுப்பேன், வைப்பேன். நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று ஒரு வீம்பு. அண்ணன் தங்கைக்கு இந்த ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் சமமாகப் பங்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர், "இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். அஸ்தம்பட்டியில ஒரு குழந்தை டாக்டரம்மா இருக்காங்களாம். பாத்துட்டு வந்துரலாம்" என்றார். பதறாத மனுஷன் லீவு போட்டுவிட்டார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டரம்மா அவள் கால்களை மடக்கினார், நீட்டினார், உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினார். அவள் சிரித்து உதைத்தாள். பிறகு ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் விட்டுவிட்டு, மேஜை மேலிருந்த பொம்மையை எடுத்து ஆட்டினார். என் மகள் பொம்மையைப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு எழுந்தாள். ஒரு கையை எடுத்துப் பொம்மைப் பக்கம் நீட்டினாள்.

"பாத்து சாமி! பாத்து, பாத்து, பாத்து!" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலு ரெண்டும் அருமையா இருக்குது. குழந்தைக்கு ஒரு மருந்தும் வேண்டாம். அம்மாவுக்குத்தான் வாய்க்கு ஏதாவது எழுதித் தரலாமான்னு யோசிக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தார். பஸ் ராசிபுரம் வரும்வரைக்கும் நான் அவரிடம் பேசவில்லை.

ராசிபுரத்தில் கேட்டேன். "நானு அவ்வளவு சத்தமாவாங்க கத்தறேன்?"

"சேச்சே. இந்த பஸ் ஹாரனுக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்றான், தோளில் வண்டியோடு. யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் காலையிலேயே குளித்து, வாசலில் ஒரு நாற்காலியை அதிகமாகப் போட்டு வைத்திருந்தார்.

இந்தத் தடவை வண்டிக்குள் ஒரு சின்ன மூட்டை இருந்தது. கோழித்தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏற்றும் லாரி ஒன்று பட்டறைக்கு வந்திருந்ததாம். அதில் கேட்டு வாங்கிக் கட்டிய மூட்டை. "வெறும் வண்டி துள்ளும்னு எனக்குத் தெரியாதா புள்ள?" என்றான். "லோடு ஏத்துனாத்தான் ரோட்டப் புடிச்சு நிதானமா ஓடும். ஊர் லாரிக்கெல்லாம் சொல்லுவேன். நம்ம பாப்பாவுக்குன்னு வந்ததும் புத்தி போயிருச்சு." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தழும்பு ஏதும் இருக்கிறதா என்று தேடினான்.

"முதல்ல டீயைக் குடிண்ணா" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மன்னிப்பு என்றால் அவ்வளவுதான்.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோனோம். எங்கள் வீட்டிலிருந்து தெரு முனைவரைக்கும் சிமெண்டு ரோடு. அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டான். என் வீட்டுக்காரர் படம் பிடிக்கப் போனைத் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் நின்று, துப்பட்டாவின் முனையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டேன். என்ன ஆனாலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

அவள் வெகுநேரம் வண்டியைப் பார்த்தாள். வண்டியின் மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். தள்ளினாள். மூட்டையின் கனத்தில் வண்டி மெதுவாக, மரியாதையாக உருண்டது. அவள் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. அண்ணன் அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு, பட்டறைக்குள் லாரியை விடுவது போலக் கையை ஆட்டினான். "வா வா வா! வரட்டும், வரட்டும்! லெப்ட்ல ஒடி சாமி! அப்பிடித்தான்!"

அப்போதுதான் பார்த்தேன். மூட்டையின் ஒரு மூலை பிரிந்திருந்தது. பலகை இடுக்கு வழியாகச் சோளம் சிந்திக்கொண்டே வந்தது. ஏற்றிய லோடு வழியில் சிந்தினால் பட்டறைக்காரனுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் நான்தான் பேசுவதில்லை என்றிருந்தேனே. எதிர்வீட்டு அக்கா நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார். அவை மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தன. எனக்கும் வண்டிக்கும் நடுவில், சிந்திய சோளத்தைக் கொத்திக்கொண்டே, சரியாக என் மகளின் குதிகாலுக்குப் பின்னால் போயின.

கொக் கொக் என்ற சத்தத்துக்கு அவள் திரும்பினாள். ஒரு கை கைப்பிடியில் இருந்தது. கோழிகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கையும் வந்துவிட்டது.

கோழிகள் மிரண்டு என் பக்கமாகத் திரும்பி ஓடிவந்தன. அவற்றின் பின்னால் அவள் வந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, காலை எங்கே வைக்கிறோம் என்ற கவலையே இல்லாமல், ஆடி ஆடி, பிடிக்க ஒன்றுமில்லாத நடுரோட்டில் என் மகள் நடந்து வந்தாள். என் வாயிலிருந்த துப்பட்டா நனைந்துபோயிற்று. ரோட்டிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். எத்தனையோ ராத்திரி நான் நினைத்துப் பார்த்தபடியே என் முன்னால் வந்தாள். கோழிகள் என் பக்கத்தில் புகுந்து ஓடின. அவளும் ஓடினாள். சட்டையின் ஓரம் என் விரலில் உரசியது. என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

"ஏனுங்க டீச்சர்! பாப்பா நடக்குதுங்கோ!" என்று எதிர்வீட்டு அக்கா போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. இப்போது என்னைத் தேடுவாள், கையை நீட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் ரோட்டில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, தானாக எழுந்தாள். கோழிகள் நுழைந்த அக்கா வீட்டு கேட்டுக்குள் போனாள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டால், சோளத் தூசி என்றான். அன்று முழுக்க ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். லோடு வைத்ததால்தான் நடந்தாள் என்றான் அண்ணன். "எங்க கோழியாலதானுங்க" என்றார் அக்கா. பதறாமல் இருந்ததால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் பதறாத அந்த மனுஷன் பிடித்த படத்தில் முதலில் என் அண்ணனின் முதுகும், பிறகு வானமும், கடைசியில் ஒரு கோழியும்தான் விழுந்திருந்தன.

சாயங்காலம் அவளைத் தெருவில் நடக்கவைக்கக் கூட்டிப்போனேன். இத்தனை மாதமாகக் குனிந்து குனிந்தே அவளுக்குக் கை கொடுத்துப் பார்த்திருக்கிறேன், இடுப்பு விட்டுப்போயிருந்தது. அன்றைக்கும் குனிந்து ஆள்காட்டி விரலை நீட்டினேன். விரலைப் பார்த்தாள். போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் செடிக்கிளையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"நடக்கலைன்னும் அழுதே. நடந்தாலும் அழுகறே. உனக்கு என்னதான் புள்ள வேணும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அதை எப்படிச் சொல்வது? அவள் நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. எல்லாச் சாமியிடமும் நடக்க வை, நடக்க வை என்றுதான் கேட்டேன். எந்தப் பக்கமாக என்று சொல்லத் தோன்றவில்லை.